ஏர்செல் விழுந்த கதையும் உங்கள் செல் நம்பரும்

கேள்வி: "எங்கள் வீட்டில் முதல் செல்போன் வாங்கியது 2006-ல். ஏர்செல் சிம். 2018-ல் திடீரென்று டவர் போனது, போனது போனதுதான். அப்புறம் வேறு கம்பெனியில் புது நம்பர் வாங்கிக்கொண்டோம். ஆனால், ஆதாரில் இன்னும் அந்தப் பழைய நம்பர்தான் இருக்கிறதாம். விவசாயிகளுக்கான அடையாள எண் பதிய இ-சேவை மையத்துக்குப் போனால், 'ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போகும், மாற்றிவிட்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதற்கு என்ன வழி? வீட்டுக்கு வீடு இருந்த அவ்வளவு பெரிய கம்பெனி எப்படி விழுந்தது? இப்போது இருக்கிற கம்பெனிக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் எங்கள் கதி என்ன?"

- திருச்சுழி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: ஒரே கடிதத்தில் மூன்று கேள்விகள். அவசரமானதை முதலில் பார்த்துவிடலாம்.

ஆதாரில் செல் நம்பரை மாற்றப் பழைய நம்பர் உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு, ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும். இதற்கென்று வேறு சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டார்கள். சிறு கட்டணம் உண்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஊருக்கு வரும் தபால்காரரிடம் கேளுங்கள். இந்திய அஞ்சலக பேமென்ட்ஸ் வங்கி மூலமாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து ஆதாரில் செல் நம்பர் மாற்றித் தரும் சேவை 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆதாரில் நம்பர் மாறினால் பேங்கிலும் தானாக மாறிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாறாது. பேங்குக்குத் தனியாக, பாஸ் புத்தகத்தோடு கணக்கு இருக்கும் கிளைக்கே போய் எழுதிக்கொடுக்க வேண்டும். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு இருந்தால் அங்கேயும் சொல்ல வேண்டும். கேஸ் புத்தகம், ரேஷன் அட்டை என்று ஒவ்வொன்றும் தனித்தனிதான்.

இனி அடுத்த கேள்வி. அந்தக் கம்பெனி வளர்ந்த கதை தெரிந்தால்தான் விழுந்த கதை புரியும்.

மஞ்சள் பூத் காலம்

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல் நடந்தது. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அந்த நாளில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். கூப்பிட்டவருக்கு மட்டும் இல்லை, வந்த அழைப்பை எடுத்தவருக்கும் காசு பிடித்தார்கள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிக்கு அப்போது தெரிந்த போன், பஸ் ஸ்டாண்டு ஓரத்து மஞ்சள் நிற எஸ்.டி.டி. பூத்தில் இருந்ததுதான். விருதுநகர் மார்க்கெட்டில் உளுந்தும் கொத்தமல்லியும் வத்தலும் என்ன விலை என்று கேட்க அங்கே வரிசையில் நின்றவர்கள் இன்றைக்கும் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். மீட்டரில் எண் ஓட ஓட நெஞ்சு அடித்துக்கொள்ளும். முக்கால்வாசிப் பேர் அதுவும் கேட்காமல், வண்டியோடு வந்த வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஆரம்பத்தில் அரசு நாட்டைப் பல வட்டங்களாகப் பிரித்து, ஒரு வட்டத்துக்கு இரண்டு தனியார் கம்பெனிகள் என்று உரிமம் கொடுத்தது. சென்னை தனி, மற்ற தமிழ்நாடு தனி. உரிமக் கட்டணம் மிக அதிகம். அதைக் கட்ட முடியாமல் கம்பெனிகள் திணறின. 1999-ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை இந்த முறையை மாற்றியது. இவ்வளவு என்று நிலையாகக் கட்டுவதற்குப் பதில், வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும் என்றது. நிலத்துக்குக் குத்தகைப் பணம் கட்டியவர் வாரத்துக்கு மாறியது போல. விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் கழுத்தை நெரிக்காது.

அதே 1999-ல்தான் தொழிலதிபர் சி. சிவசங்கரன் தொடங்கிய ஏர்செல், சென்னை நீங்கலான தமிழ்நாட்டில் சேவைக்கு வந்தது.

9842 வளர்ந்த விதம்

ஏர்செல்லின் தமிழ்நாட்டு நம்பர்கள் 9842 என்று தொடங்கும். பி.எஸ்.என்.எல். செல் 9443, ஏர்டெல் 9894. நம்பரின் முதல் நான்கு எண்ணைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடும் காலம் அது.

ஏர்செல் சீக்கிரமே தமிழ்நாட்டின் முன்னணிக் கம்பெனி ஆனதற்குச் சில காரணங்கள் உண்டு. முதலில் வந்தவர்களுக்கு அரசு கொடுத்தது 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அலைவரிசை எண் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரையும் தாண்டும். எனவே குறைவான டவரை வைத்து அதிகமான ஊர்களை எட்டலாம். மலையும் காடும் இல்லாத கரிசல் பூமியில் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். நான்கு ஊருக்கு நடுவே ஒரு டவர் நின்றால், பருத்திக் காட்டில் நிற்பவருக்கும் மணி அடிக்கும்.

இரண்டாவது, இந்தக் கம்பெனியின் சந்தை முதலில் சென்னைக்கு வெளியேதான். பெரிய நகரத்து வாடிக்கையாளரை நம்பி உட்கார வழி இல்லாததால், சின்ன டவுன்களுக்கும் கிராமங்களுக்கும் போக வேண்டியிருந்தது. பெட்டிக்கடையில் ரீசார்ஜ் கூப்பன், குறைந்த தொகைக்கு டாப்-அப் எல்லாம் அப்படித்தான் ஊருக்குள் வந்தன. மாதக் கடைசியில் பில் கட்ட வேண்டிய பயம் இல்லை. கையில் காசு இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம். மழையை நம்பி வருமானம் பார்க்கும் வீட்டுக்கு இந்த முறைதான் தோதாக இருந்தது.

மூன்றாவது, அரசின் விதிகள். 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செல் சேவை வந்து விலைப் போட்டி கூடியது. 2003-ல் வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது. அதற்குப் பிறகுதான் 'மிஸ்டு கால்' என்பது ஒரு பாஷையாகவே மாறியது. ஒரு மணி அடித்தால் மோட்டாரைப் போடு, இரண்டு மணி அடித்தால் பஸ் ஏறிவிட்டேன்.

2003-லேயே சென்னையில் இருந்த ஆர்.பி.ஜி. செல்லுலாரையும் ஏர்செல் வாங்கியது. தமிழ்நாடு முழுவதும் ஒரே பெயர். 2005 டிசம்பரில் மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் ஏர்செல்லின் 74 சதவிகிதப் பங்கை வாங்குவதாக அறிவித்தது. அப்போது மேக்சிஸின் உரிமையாளராக இருந்த டி. அனந்த கிருஷ்ணன், யாழ்ப்பாண வேர் கொண்ட மலேசியத் தமிழர். அந்தக் கைமாற்றத்தைப் பற்றி எழுந்த வழக்கு தனிக்கதை, அது இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு கம்பெனி செய்த விவசாயம்.

போன் வந்ததால் விலை கிடைத்ததா?

அதற்கு முன் ஒரு கணக்கு. போன் வந்ததில் சம்சாரிக்கு உண்மையில் லாபம் உண்டா?

கேரளக் கடற்கரையில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். வட கேரளத்தில் 1997-க்கும் 2001-க்கும் நடுவே செல்போன் டவர்கள் வந்தன. அதற்கு முன்பு மத்தி மீனோடு கரைக்கு வரும் படகு, தன் துறையில் வாங்க ஆள் இல்லை என்றால் மீனைக் கடலில் கொட்டிவிட்டுத்தான் போகும். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் இன்னொரு துறையில் மீன் கிடைக்காமல் வியாபாரி காத்துக்கொண்டிருப்பார். போன் வந்த பிறகு, கடலில் இருந்தபடியே விலை கேட்டுத் துறையைத் தேர்ந்தெடுத்தார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவர் லாபம் சுமார் 8 சதவிகிதம் கூடியது. வாங்குபவருக்கு விலை சுமார் 4 சதவிகிதம் குறைந்தது. பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட கணக்கு இது.

அருப்புக்கோட்டைப் பக்கத்து மல்லிகை விவசாயிக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பூவும் மீன் மாதிரிதான், சாயங்காலம் வரை தாங்காது. சாதாரண நாளில் கிலோ சில நூறுகளில் இருக்கும் விலை, முகூர்த்த நாளிலும் பொங்கலுக்கும் ஆயிரங்களைத் தொடும். விடிகாலையில் பூப்பறிக்கும்போதே மதுரை மாட்டுத்தாவணி விலையைக் கேட்டு, உள்ளூரில் கொடுப்பதா மதுரைக்கு ஏற்றுவதா என்று முடிவெடுக்க முடிந்தது செல்போன் வந்த பிறகுதான்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. மகாராஷ்டிராவில் 100 கிராமங்களில் விவசாயிகளுக்கு விலையும் வானிலையும் குறுஞ்செய்தியாக அனுப்பி இன்னோர் ஆய்வு நடத்தினார்கள். விலை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கையில் கிடைத்த தொகையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை என்றே முடிவு வந்தது. விலை தெரிவது ஒன்று, அந்த விலைக்கு விற்க முடிவது வேறொன்று. படகுக்காரருக்கு அடுத்த துறைக்குப் போக வழி இருந்தது. கமிஷன் கடையில் முன்பணம் வாங்கிய பூ விவசாயிக்கு மாட்டுத்தாவணி விலை தெரிந்தும் என்ன பயன்? கடன் வாங்கிய கடையில்தான் பூவைப் போட்டாக வேண்டும். போன் கொடுத்த பலத்தைக் கடன் பறித்துக்கொள்ளும்.

இதே கடன்தான், வேறு அளவில், கம்பெனியையும் பிடித்தது.

நல்ல வருஷத்தில் எடுத்த குத்தகை

கரிசல் காட்டில் எல்லோரும் பார்த்த காட்சி இது. நாலு ஏக்கர் மானாவாரியில் ஒரு வருஷம் பருத்தியும் மக்காச்சோளமும் நன்றாக விளைந்துவிடும். விலையும் நிற்கும். அடுத்த வருஷம் அதே ஆள் வட்டிக்கு வாங்கி இருபது ஏக்கர் குத்தகைக்கு எடுப்பார். ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டால் குத்தகை நிலத்தோடு போகாது, சொந்த நாலு ஏக்கரும் சேர்ந்து போய்விடும்.

ஏர்செல் செய்தது இதைத்தான். சொந்தப் புன்செய் தமிழ்நாடு. அங்கே வேர் பிடித்திருந்தது. மேக்சிஸ் வந்த பிறகு வடகிழக்கு, வட இந்தியா என்று விரிந்து நாடு முழுவதும் போனது. சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் ஏர்செல் பெயர் மின்னியது இந்தக் காலத்தில்தான்.

2010-ம் வருஷம் முக்கியமானது. 3-ஜி அலைவரிசை ஏலத்தில் 13 வட்டங்களை ஏறக்குறைய 6,500 கோடி ரூபாய்க்கு ஏர்செல் எடுத்தது. அடுத்த மாதமே அதிவேக இன்டர்நெட்டுக்கான அலைவரிசையை 8 வட்டங்களில் சுமார் 3,438 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இரண்டும் சேர்ந்து 10,000 கோடியை ஒட்டி. இதே ஆண்டில் தன் 17,500 டவர்களை ஜி.டி.எல். இன்ஃப்ரா நிறுவனத்துக்கு 8,400 கோடி ரூபாய்க்கு விற்றது. விற்ற டவரிலேயே வாடகைக்கு இருந்து சேவையைத் தொடர்ந்தது. சொந்தக் கிணற்றை விற்றுவிட்டு, மணிக்கு இவ்வளவு என்று அதே தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவது போன்ற ஏற்பாடு. கையில் பணம் வரும். ஆனால் மழை இல்லாத மாதத்திலும் தண்ணீர்க் காசு கொடுத்தாக வேண்டும்.

அந்தச் சமயம் சந்தையில் கூட்டமும் கூடிவிட்டது. ஒரு வட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள். 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று இறங்க, எல்லோரும் அதே வழிக்கு வந்தார்கள். பேசுபவர்கள் கூடினார்கள், பேச்சில் கிடைத்த காசு குறைந்தது. விளைச்சல் இரண்டு மடங்கு, விலை பாதிக்கும் கீழே என்ற நிலை.

2016 செப்டம்பர் 5-ல் ரிலையன்ஸ் ஜியோ வந்தது. பேச்சு முழுக்க இலவசம், 2017 மார்ச் வரை இன்டர்நெட்டும் இலவசம். இலவசத்தோடு போட்டி போட யாரிடமும் விலை இல்லை. கடன் இல்லாதவர் பொறுத்திருக்கலாம். கடன் இருந்தவருக்கு வட்டி ஒவ்வொரு மாதமும் வாசலில் நின்றது.

2010-ல் 3,438 கோடிக்கு வாங்கிய அந்த 8 வட்ட அலைவரிசையை, 2016-ல் ஏர்செல் 3,500 கோடி ரூபாய்க்கு ஏர்டெல்லிடம் விற்கும் ஒப்பந்தத்துக்கு வந்தது. வாங்கிய விலையே வந்துவிட்டதே என்று தோன்றும். ஆறு வருஷ வட்டி எங்கே? நிலம் வாங்கி விற்ற யாருக்கும் இந்தக் கணக்கு புரியும். அதே ஆண்டு செப்டம்பரில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேரப்போவதாக அறிவித்தார்கள். 2017 அக்டோபர் 1-ல் அந்தப் பேச்சும் முறிந்தது.

2018 ஜனவரி முடிவில் குஜராத், மகாராஷ்டிரா உள்ளிட்ட ஆறு வட்டங்களில் ஏர்செல் கடையை மூடியது. பிப்ரவரி கடைசியில் தமிழ்நாட்டிலும் டவர்கள் அணைந்தன. டவர் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிதான் உடனடிக் காரணம். பிப்ரவரி 28-ல் மும்பையில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கைக்குக் கம்பெனியே விண்ணப்பித்தது. அப்போது நாடு முழுவதும் அதற்கு 8 கோடிக்கும் மேல் வாடிக்கையாளர்கள். ஆக, வாடிக்கையாளர் கூட்டம் குறைந்ததால் விழுந்த கம்பெனி இல்லை இது. வேர் பிடித்த இடத்தில் வந்த வருமானத்தை, வேர் பிடிக்காத இடங்களுக்காக வாங்கிய கடன் தின்றுவிட்டது.

நம்பர் ஏன் செத்தது?

2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமை இருக்கிறது. அப்படி இருந்தும் இவ்வளவு பேர் நம்பரை இழந்தது ஏன்?

போர்ட் செய்ய, நம் போனிலிருந்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி ஒரு குறியீட்டு எண் வாங்க வேண்டும். டவரே இல்லாத போனிலிருந்து செய்தி எப்படிப் போகும்? அந்த வாரங்களில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மொட்டை மாடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் நின்றவர்கள் ஏராளம். கடைகளில் கூட்டம் நெரிந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2018 ஏப்ரல் 15 வரை குறியீட்டு எண் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முந்திக்கொண்டவர்களின் 9842 நம்பர் இன்றைக்கும் ஜியோவிலோ ஏர்டெல்லிலோ உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. டவர் திரும்ப வரும் என்று காத்திருந்தவர்கள் இழந்தார்கள்.

2018-ல் நம்பர் போனதில் பெரும்பாலோருக்குப் போனது பேச்சு மட்டும்தான். இன்றைக்கு அப்படி இல்லை. 2019-ல் வந்த பி.எம். கிசான் தொகை, பயிர்க் காப்பீட்டுத் தகவல், விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண், மகளிர் உரிமைத்தொகை வந்ததா என்ற செய்தி, பேங்கில் யாராவது கை வைத்தால் வரும் எச்சரிக்கை எல்லாம் அந்தப் பத்து எண்ணில்தான் வந்து நிற்கின்றன. பட்டாவை மரப்பெட்டியில் பூட்டி வைக்கும் வீட்டில், இந்த நம்பர் மட்டும் யார் பெயரில் இருக்கிறது என்றே தெரியாமல் கிடக்கிறது.

திரும்பவும் நடக்குமா?

பத்துக்கும் மேல் இருந்த கம்பெனிகள் இன்றைக்கு நான்காகிவிட்டன: ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். இதில் வோடபோன் ஐடியா அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி பங்காக மாற்றப்பட்டதால், மத்திய அரசே அதன் மிகப்பெரிய பங்குதாரர். பி.எஸ்.என்.எல். அரசு நிறுவனம். எனவே ஒரே இரவில் எல்லாம் அணையும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கம்பெனிகள் குறைந்ததற்கு வேறு விலை உண்டு. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. அதற்குப் பிறகு ரீசார்ஜ் செய்ய முடியாமல் சிம்மை அப்படியே விட்டவர்கள் கிராமங்களில் நிறைய.

ஆகவே அடுத்த முறை நம்பர் சாவது கம்பெனி விழுந்ததால் இருக்காது. நாமே ரீசார்ஜ் போடாமல் விட்டதால் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியவை

1. வீட்டில் எந்த நம்பர் ஆதாரிலும் பேங்கிலும் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாஸ் புத்தகத்தோடு வையுங்கள். அந்த நம்பரை மட்டும் எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள். சலுகைக்காக வாங்கும் புது சிம் வேறாக இருக்கட்டும்.

2. ப்ரீபெய்டு சிம்மில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் கம்பெனி இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் உங்கள் பேங்க் செய்தி முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். 20 ரூபாய்க்குக் குறையாமல் கணக்கில் இருப்பு வைத்திருந்தால், பயன்பாடு இல்லாவிட்டாலும் உடனே துண்டிக்க மாட்டார்கள்.

3. உங்கள் ஊரில் சிக்னல் வாரக்கணக்கில் சரியில்லை என்றால் கம்பெனியின் 198 எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். சரியாகவில்லை என்றால் சிக்னல் கொஞ்சமாவது இருக்கும்போதே போர்ட் செய்துவிடுங்கள். PORT என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க நம்பரைச் சேர்த்து 1900-க்கு அனுப்ப வேண்டும். வரும் எட்டு இலக்கக் குறியீடு நான்கு நாள்தான் செல்லும். இப்போதுள்ள கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும்.

4. அப்பாவின் ஆதாரில் மகனின் நம்பர், அம்மாவின் பேங்கில் மருமகனின் நம்பர் என்று பல வீடுகளில் இருக்கிறது. மகன் திருப்பூரில் ஷிஃப்ட்டில் இருப்பார். இங்கே இ-சேவை மையத்தில் ஓ.டி.பி.க்காக அப்பா உட்கார்ந்திருப்பார். சின்ன பட்டன் போன் ஒன்றை வாங்கி, அவரவர் பெயரில் ஒரு சிம் போட்டு, அதையே பதிந்துவிடுவது நல்லது. பி.எம். கிசான் கே.ஒய்.சி.யைப் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தும் முடிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். உங்களுக்குத் தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்து நீக்கலாம்.

6. "உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், லட்சக்கணக்கில் முன்பணம், மாத வாடகை" என்று போன் வந்தால் எச்சரிக்கை. பதிவுக் கட்டணம், வரி, தடையின்மைச் சான்று என்று எந்தப் பெயரில் உங்களிடம் பணம் கேட்டாலும் அது மோசடி. டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ டவருக்காக இப்படிச் சான்று தருவதும் இல்லை, பணம் வாங்குவதும் இல்லை. உண்மையான டவர் கம்பெனி உங்களுக்குத்தான் பணம் தரும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

பயிர் பற்றிய சந்தேகங்களுக்கு 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண், 2004 முதல் கட்டணம் இல்லாமல் தமிழிலும் பதில் சொல்கிறது. எந்தக் கம்பெனி சிம்மிலிருந்தும் கூப்பிடலாம். மானாவாரிப் பயிர் என்றால் கோவிலாங்குளத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம்.

திருச்சுழி வாசகருக்குக் கடைசியாக ஒன்று. செத்துப்போன 9842 நம்பரை இனித் தேட வேண்டாம். இந்த வாரமே ஆதார் மையத்துக்கு ஒரு நடை, பேங்குக்கு ஒரு நடை. ஆதாரில் புது நம்பர் ஏறிவிட்டதாகத் தகவல் வந்த பிறகு இ-சேவை மையத்துக்குப் போங்கள். புரட்டாசி விதைப்புக்கு முன்னால் இந்த வேலை முடிந்துவிட்டால், காப்பீடு பதியும் நாளில் யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.